மாமன் மடி

ஏப்ரல் 20, ஞாயிறு

பின்னால் ஒரு நாள், ‘நீங்களும் சரி என்றுதானே சொன்னீர்கள்’ என்று யாரும் என் முன்னால் வந்து நிற்கக் கூடாது. அதற்காகவே எழுதி வைக்கிறேன். நான் சரி என்று சொல்லவில்லை.

காலையில் மதுரையிலிருந்து என் மகள் எழிலரசி வந்தாள். பேத்தி யாழிசைக்குக் காது குத்துவதற்கு ஜூன் எட்டாம் தேதியை முடிவு செய்திருக்கிறார்களாம். மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் கோயிலில். எழிலின் அம்மா இறந்தது, அதற்குப் பிறகு ஊரெல்லாம் நோய் என்று தள்ளிப்போய்க் குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. காப்பி குடித்து முடிக்கும் வரை எல்லாம் நல்ல செய்தியாகத்தான் இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கதிர் அண்ணன் மடியில உக்கார வச்சுக் குத்திரலாம்னு இருக்கோம்ப்பா” என்றாள்.

கதிரேசன் என் அண்ணன் மகன். ஓசூரில் வேலை. குறை சொல்ல முடியாத பையன். ஆனால் எழிலுக்குக் கூடப் பிறந்த தம்பி ஒருவன் இருக்கிறான். என் மகன் குணசீலன், இருபத்தாறு வயது. தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது அந்த மடி வேறு யாருக்கும் போவதில்லை.

“குணாவுக்கு என்ன?” என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாதாப்பா?”

தெரியும். அவன் பிறந்த மூன்றாம் நாளே டாக்டர் சொன்னார், டவுன் சிண்ட்ரோம் என்று. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலையே புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டவன். இதையும் அப்படித்தான் படித்தேன். திண்டுக்கல்லில் இதைப் பற்றி என்னளவுக்குப் படித்தவர்கள் இருக்க மாட்டார்கள், டாக்டர்களையும் சேர்த்து.

முடியாது என்றேன். மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டாள். வைத்த குழம்பு மிஞ்சிவிட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

குணாவுக்குச் சவரம் செய்துவிட்டேன். தாடையைத் தூக்கிக் காட்டச் சொன்னால் காட்டுவான், நடுவில் சிரித்துவிடுவான், கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மீசையை மட்டும் தொடக் கூடாது. பிறகு துணி துவைத்தேன், அவன் காயப்போட்டான். நீலத்தோடு நீலம், வெள்ளையோடு வெள்ளை. நான் ஒரு பழுப்பு வேட்டியை வெள்ளைப் பக்கம் போட்டதற்கு என்னை முறைத்தான்.

மாவு ஆட்டினேன். முதுகு வலி.

ஏப்ரல் 24, வியாழன்

சம்பந்தியம்மா போன் செய்தார்கள். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. குணா தம்பி சாமிக் குழந்தை. அதக் கொண்டாந்து இத்தன கூட்டத்துல உக்கார வச்சு ஏன் சிரமப்படுத்தணும்? பிள்ளையும் பயந்துரும்.”

இருபத்தாறு வயதில் குழந்தை. அதிலும் சாமிக் குழந்தை. சாமி என்றால் கருவறைக்குள்ளேயே இருக்க வேண்டும், பந்தியில் வந்து உட்காரக் கூடாது என்று அர்த்தம்.

“உங்க வீட்டு விசேஷத்துல சாமிக்கு இடமில்லைங்கிறீங்க. சரி” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

சீர்த் தட்டுகள் பார்த்து வந்தேன். யார் மடியாக இருந்தாலும் சீர் இந்த வீட்டிலிருந்துதான் போக வேண்டும். இதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மே 2, வெள்ளி

பள்ளி விடுமுறைக்கு எழில் குழந்தையோடு வந்திருக்கிறாள். என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாழிசை பேசினாள்.

“தாத்தா, குணா மாமா ஸ்பெஷலாம். அம்மா சொன்னாங்க.”

“ஸ்பெஷல்னா என்ன?”

யோசித்தாள். “எங்க ஸ்கூல்ல ஸ்பெஷல் டேன்னா சாக்லேட் தருவாங்க.”

“மாமா தந்தாரா?”

“எங்க? என்னோடத எடுத்துத் தின்னுட்டாரு.”

எழில் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஓட்டல் பலகையில்தான் ஸ்பெஷல் எழுதுவார்கள் என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

மே 4, ஞாயிறு

குழந்தை கேள்விக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும். அதைச் செய்தேன். எல்லோர் உடம்பிலும், எப்படி வளர வேண்டும் என்று எழுதிய துண்டுகள் நாற்பத்தாறு இருக்கின்றன, மாமாவுக்கு நாற்பத்தேழு என்றேன்.

“கூட இருந்தா நல்லதுதானே?”

“சாம்பார்ல உப்பு கூட இருந்தா நல்லாருக்கா?”

“அப்ப மாமா உப்புக் கரிப்பாரா?” என்று கேட்டுவிட்டு, போய் அவன் கையை நக்கிப் பார்த்தாள். குணாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. இவன் கத்த, அவள் கத்த, வீடு ஒரு நிலையில் இல்லை.

“மாமா நாக்கு ஏன் வெளிய வருது?”

“வாய் சின்னது. சதை தளர்ச்சி. அவ்வளவுதான்.”

“மீசையெல்லாம் இருக்கு. ஏன் சைக்கிள் ஓட்டத் தெரியல?”

“எனக்கும் மீசை இருக்கு. நீச்சல் தெரியாது.”

இந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பெரியவர்களுக்குத்தான் எதுவும் போதுவதில்லை.

பிறகு எழில் வந்து குழந்தையை உட்கார வைத்து வேறு பாடம் நடத்தினாள். “மாமா இறுக்கிக் கட்டிப் பிடிச்சா, விடுங்க மாமான்னு சத்தமாச் சொல்லணும். சரியா?” போன பிறந்தநாளில் பலூன் வெடித்த பயத்தில் குணா குழந்தையை இறுக்கிப் பிடித்துவிட்டான். மூன்று பேர் சேர்ந்து பிரித்தார்கள். அதை இவள் இன்னும் மறக்கவில்லை. என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் மகனிடமிருந்து விலகி நிற்கப் பாடம்.

மே 6, செவ்வாய்

சண்டை. குழந்தையையும் குணாவையும் மாடிக்கு அனுப்பிவிட்டு எழில் ஆரம்பித்தாள்.

“எதுக்குப்பா இந்தப் பிடிவாதம்? அவனுக்கு மடியும் தெரியாது, சீரும் தெரியாது.”

“அவனுக்குத் தெரியும். நான் மாமாங்கிறான்.”

“அது நீங்க சொல்லிக் குடுத்தது.”

“உனக்கு ஆனா ஆவன்னா கூட நான் சொல்லிக் குடுத்ததுதான்.”

அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. கத்தினால் எனக்குப் பதில் வரும். இப்படிப் பேசினால் வராது. “எனக்கு எல்லாமே அவனுக்கு அப்புறம்தான்ப்பா. பள்ளிக்கூடம், விளையாட்டு, எல்லாம். அத நான் ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப எம்பொண்ணு. ஊரு முன்னாடி அவன் மடியில உக்காந்துட்டா, உங்களுக்கப்புறம் அவன நாங்கதான் பாக்கணும். அதுக்குத்தானே?”

மேசையில் கிடந்த துணிக் கிளிப் ஒன்றை எடுத்துத் திறந்து மூடினேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே பாத்துக்கிறேன்னு சொல்லிருப்பேன். நீங்க கேக்க மாட்டீங்க. யாரையும் எதையும் கேக்க மாட்டீங்க. கட்டிப் போடத்தான் தெரியும் உங்களுக்கு.”

அப்படி ஓர் எண்ணமே எனக்குக் கிடையாது. வழக்கம் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னேன். எழுந்து தண்ணீர் மோட்டாரைப் போடப் போனேன். தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

மே 7, புதன்

பேச்சுவார்த்தை இல்லை. இட்லி நன்றாக வந்தது.

மே 8, வியாழன்

ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். யாழிசை, குணாவின் துணிக் கிளிப்புகளில் நாலைந்தைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் கணக்குப் பார்த்துப் பார்த்துத் தேடுகிறான்.

மே 13, செவ்வாய்

மாப்பிள்ளை ராஜவேல் பேசினார். “மாமா, நான் அம்மாட்டப் பேசிட்டேன். குணாவே உக்காரட்டும். எழிலும் சரின்னுட்டா. நீங்க மனசுல எதையும் வச்சுக்காதீங்க.”

எழில் பேசவில்லை. போனைக் கொடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. வென்றது நான்தான். எனக்கு மட்டும் என்னவோ, படி ஏறி மாடிக்குப் போனபோது நெஞ்சை யாரோ கையால் பிடித்த மாதிரி இருந்தது. வாயு.

மே 16, வெள்ளி

வாயு இல்லையாம். குணாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போயிருந்தேன், அவனை விட்டுவிட்டு எங்கே போவது? டாக்டர் ஆஞ்சியோ செய்ய வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்றார். ஜூன் எட்டுக்குப் பிறகு வருகிறேன் என்றேன். கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். குணாவைக் காட்டினேன். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார்.

எழிலுக்குச் சொல்லவில்லை. சொன்னால், அதற்காகத்தான் இவ்வளவும் செய்தீர்கள் என்பாள்.

மே 19, திங்கள்

பயிற்சி தொடங்கியாயிற்று. குணாவை மணையில் சம்மணம் போட்டு உட்கார வைத்தேன். மடியில் தலையணை. நெற்றியை ஒரு கையால், இடுப்பை ஒரு கையால் பிடிக்க வேண்டும். தலையணைக்கு நெற்றி எது என்று கேட்டான். பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்தேன். அதன் பிறகு சரியாகப் பிடித்தான்.

“பாப்பா ஆடும். நீ விடக் கூடாது. யாரு வந்தாலும் விடாத.”

“விட மாட்டேன்.”

“ஊசி?” என்று கேட்டான். ஊசி என்றால் அவனுக்கு ஆகாது. தடுப்பூசி போட்ட அன்று ஆஸ்பத்திரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

“ஊசியெல்லாம் இல்லடா. பாப்பாவுக்குத் தோடு மாட்டுவாங்க. அழகா இருக்கும்.”

மே 27, செவ்வாய்

தினமும் பயிற்சி. இப்போது நான் சொல்லாமலே மணையை எடுத்துப் போடுகிறான். இவனுக்குத் தெரியாது என்றவர்கள் வந்து பார்க்கட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

குழந்தை போனில் கேட்டாள். “தாத்தா, காது குத்துனா வலிக்குமா? அம்மா எறும்பு கடிக்கிற மாதிரின்னாங்க.”

“அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றேன். ஒரு விஷயத்திலாவது மகளோடு ஒத்துப்போயிருக்கிறேன்.

ஜூன் 7, சனி

குணாவுக்குப் பட்டு வேட்டி கட்டிப் பார்த்தேன். இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட் போட்டேன். கண்ணாடி முன்னால் நின்று “நான் மாமா” என்றான். தட்டுகளைத் துணியால் மூடிக் கட்டி வைத்திருக்கிறேன். காலையில் சீக்கிரம் எழ வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியைக் கொண்டுவரச் சொல்லிக் கதிரேசனைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

கோயிலில் நல்ல கூட்டம். நாங்கள் சீர் கொண்டு போனபோது மேளக்காரர்கள் எதிரே வந்து வாசித்தார்கள். குணா முன்னால் தேங்காய்ப்பழத் தட்டோடு நடந்தான். ஒரு பழம்கூடக் கீழே விழவில்லை. சம்பந்தியம்மா ஆரத்தி எடுத்து, அவன் நெற்றியில் பொட்டு வைத்தார்கள். விரல் பட்டும் படாமலும்தான் இருந்தது. இருந்தாலும் வைத்தார்கள்.

சொந்தக்காரர் வீட்டுப் பொடியன் ஒருவன் யாழிசையிடம், “அந்த அங்கிள் ஏன் நாக்க நீட்டிட்டு இருக்காரு?” என்று கேட்டான். அவன் அம்மா வாயைப் பொத்தப் போனாள். அதற்குள் இவள், “அவருக்கு வாய் சின்னது. உனக்கு மூக்கு பெருசு இல்ல? அது மாதிரி” என்றாள். எழில் என்னைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள்.

குணா மணையில் உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்தார்கள். அவள் பயப்படவில்லை, அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு கை நெற்றியில், ஒரு கை இடுப்பில். நான் சொல்லிக் கொடுத்தபடியே. போட்டோக்காரர் இரண்டு முறை படம் எடுத்தார். ஆசாரி காதில் மை வைத்து, தங்கக் கம்பியை எடுத்துக் குத்தினார்.

குழந்தை போட்ட சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது.

குணா அந்தக் காதைப் பார்த்தான். கம்பியைப் பார்த்தான். ஆசாரி அடுத்த காதுக்குக் கை நீட்டியபோது அந்தக் கையைத் தட்டிவிட்டான். மைக்கிண்ணம் உருண்டு சம்பந்தியம்மா சேலையில் போய் நின்றது. குழந்தையை அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்தான். வேட்டி தடுக்க, பெல்ட்டோடு இழுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து வெளியே போய்விட்டான்.

“புடிங்க, புடிங்க! பிள்ளைய இறுக்கப் போறான்!” என்று யாரோ கத்தினார்கள். நாலு ஆண்கள் ஓடினார்கள். வேப்பமரத்தடியில் அவன் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றான். யாரையும் கிட்டே விடவில்லை. யாழிசை ‘விடுங்க’ என்று சொல்லவில்லை. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துத்தான் அழுதாள்.

நான் போய், “குணா, வா. நல்ல நேரம் போகுது. வந்து உக்காரு” என்றேன்.

“மாட்டேன்.”

“அப்பா சொல்றேன்ல?”

“ஊசி இல்லன்ன. பொய்.” பிறகு, “நான் பிடிக்க மாட்டேன்” என்றான். அவன் என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

சொல்லியிருந்தால் உட்கார்ந்தே இருக்க மாட்டான். அதனால் சொல்லவில்லை. இதில் யாருக்கும் கெடுதல் இல்லை. இதை அங்கே சொல்லவும் செய்தேன். யாரும் காது கொடுக்கவில்லை.

எழில் நாலு ஆண்களையும் திரும்பிப் போகச் சொன்னாள். பட்டுச் சேலையோடு மண்ணில் உட்கார்ந்தாள். குணாவும் மெதுவாக உட்கார்ந்தான்.

“எறும்பு கடிக்கிற மாதிரின்னீங்க” என்றது குழந்தை.

“ஆமா. அம்மா சொன்னது பொய். மாமாட்டயும் யாரும் உண்மையச் சொல்லல. இப்பச் சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க. இன்னொரு காதும் இதே மாதிரி வலிக்கும். கொஞ்ச நேரம் எரியும். அப்புறம் குறையும். இன்னிக்குக் குத்தலாம். வேணாம்னா இன்னொரு நாள் குத்தலாம்.”

என் மகள் ஐந்து வயதுக் குழந்தையிடமும் குணாவிடமும் ஒரே குரலில், ஒரே வார்த்தைகளில் பேசினாள். அவர்களும் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நீண்ட நேரம் யோசித்தது. “இன்னிக்கே குத்திருங்க. மறுபடி வர மாட்டேன். மாமா, நீங்க பிடிக்கிறீங்களா?”

குணா தலையை ஆட்டினான். மாட்டேன் என்று.

“சரி” என்றாள், ஒரு பெரிய மனுஷி மாதிரி. “அப்ப கதிர் மாமா.”

கதிரேசன் என்னைப் பார்த்தான். “சித்தப்பா, நீங்க சொன்னா உக்காருறேன். இல்லன்னா வேணாம்.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குணா மட்டும் பார்க்கவில்லை. போய் உட்கார் என்று கையை மட்டும் காட்டினேன்.

இரண்டாவது காது கதிரேசன் மடியில் குத்தியாயிற்று. அந்த நேரம் முழுவதும் குணா மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான். ஒரு காதுக்கு ஒரு மாமன். எந்த ஊரிலும் கேள்விப்படாத வழக்கம்.

அப்போதுதான் நெஞ்சைப் பிடித்தது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்ததை எழில் பார்த்துவிட்டாள். பிறகு பொய் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. காரை ஓட்டியது கதிரேசன்.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இரண்டு. கை நரம்பு வழியாக. டாக்டர் நல்லவேளை என்றார். இன்னும் நாலு நாள் இருக்க வேண்டும். அதற்கு மேலும் ஒரு மாதம் தனியாக இருக்கக் கூடாதாம். நான் எப்போது தனியாக இருந்தேன்?

குணா எழில் வீட்டில் இருக்கிறான். அவனுக்குச் சாதத்தைப் பிசைந்து வைக்க வேண்டும், சவரத்துக்கு அந்தப் பழைய பிரஷ்தான் வேண்டும், சாயங்காலம் வெளியே கூட்டிப் போகாவிட்டால் தூங்க மாட்டான். எல்லாவற்றையும் ராஜவேலிடம் சொல்லி அனுப்பினேன். அவர் சரிங்க மாமா, சரிங்க மாமா என்று கேட்டுக்கொண்டு போனார். ஒன்றையும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்.

ஜூன் 11, புதன்

யாழிசை போனில் வந்தாள். காது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“கதிர் மாமா காது ஆறிருச்சு தாத்தா. குணா மாமா காதுலதான் சீழ்.”

“எந்தக் காதுன்னு வலது இடதுன்னு சொல்லு.”

“குணா மாமா காதுன்னு சொல்றேன்ல?” என்றாள், எரிச்சலாக.

ஜூன் 13, வெள்ளி

எழில் கஞ்சி கொண்டுவந்தாள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். அன்று நடந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக வைத்திருந்த ஒன்றைத்தான் கேட்டேன்.

“எழில். எனக்கப்புறம் அவன நீ பாத்துக்குவியா?”

உரிப்பதை நிறுத்தினாள். “இதக் கேக்கவா இத்தன வருஷம்?” என்றாள். சுளையை என் கையில் வைத்தாள். “நான் அவனையும் கேட்டேன்ப்பா. யாழி ரூம்ல கட்டில் வேணாமாம். ஹால்ல ஜன்னல் பக்கம் வேணுமாம். அங்கதான் துணி காயுற கொடி தெரியுதாம்.”

“சாப்பிடுறானா?”

“நல்லா. ராஜவேல்தான் சவரம் பண்ணிவிட்டாரு. கொஞ்சம் வெட்டிக்கிச்சு.”

“என்னையக் கேட்டானா?”

அவள் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கத் தொடங்கினாள். நான் உண்மையைச் சொல்லச் சொன்னேன்.

“இல்லப்பா. மொத நாள் சாயங்காலம் செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னான். யாழி வந்து கூப்பிட்டா. கழட்டிட்டு உள்ள போயிட்டான். அதுக்கப்புறம் கேக்கல.”

“ஒரு தடவ கூடவா?”

“ஒரு தடவ கூட.”

இருபத்தாறு வருடம் கூடவே இருந்தவனை ஐந்து நாளில் மறந்துவிட்டான். வீட்டுக்குப் போனதும் அவனிடம் இதைக் கேட்கத்தான் போகிறேன். நன்றி கெட்ட பயல். எழிலிடம் இப்படியே சொன்னேன். அவள் சரிப்பா என்று சொல்லிவிட்டு, டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு, மாமாவுக்கும் பாப்பாவுக்கும் சமைக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகு கொஞ்சம் சாய்ந்தேன். நர்ஸ் தோளைத் தட்டி எழுப்பியபோது விளக்குப் போட்டிருந்தார்கள். மதியம் முழுவதும் தூங்கியிருக்கிறேன். குணா பிறந்ததிலிருந்து நான் பகலில் தூங்கியதே இல்லை.